பித்தளை உருண்டையில் மாமா போட்ட கணக்கு

என் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு கோப்பித் தோட்டத்து ஸ்டோரில் பறித்துவரும் பழத்தைக் கூடையால் அளப்பவர். உலகத்தில் எதைக் காட்டினாலும் கூடைக் கணக்கில்தான் பேசுவார். ஒரு கூடைக்கு இவ்வளவு சுமை என்றால் இரண்டு கூடைக்கு இரண்டு பங்கு. அந்தக் கணக்கு அதுவரை அவரைக் கைவிட்டதில்லை.

கடுகண்ணாவ மலை இறக்கத்தில் கோப்பி மூட்டைகளோடு தான் ஓட்டிவந்த மாட்டு வண்டி குடைசாய்ந்த நாளிலிருந்து அப்பாவுக்கு வலது கை செத்துப்போயிருந்தது. விரலைக் கிள்ளினாலும் தெரியாது. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்துக்குள் கை சரிவராவிட்டால் வண்டியை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வண்டி முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை விட்டுப்போன மின்னல் யந்திரத்தை மாமா தலையில் சுமந்துகொண்டு வந்தார். கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடித் தட்டு ஒரு தோல் திண்டில் உரசும். அதில் பிறக்கும் மின்னேற்றம், கண்ணாடிக் காலில் நின்ற பூசணியளவு பித்தளை உருண்டையில் எல்லாப் பக்கமும் ஒரே சீராக ஏறும். கைகால் விழுந்த வாதக்காரர்களுக்குத் துரை இதால் அதிர்ச்சி கொடுத்ததை மாமா கண்ணால் பார்த்திருக்கிறாராம்.

"நொந்து கெடக்குற மனுசனுக்கு இடி வேறயாடா?" என்றாள் அம்மா.

"இடி இல்லக்கா, இடியோட குட்டி."

கண்டியின் ஈரக் காற்று யந்திரத்தைக் கெடுத்துவிடாமலிருக்க நெருப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துச் சுற்றுச் சுற்றினார். அப்பாவின் விரலை உருண்டையருகே கொண்டுபோனதும் சடக்கென்று ஒரு நீலப் பொறி. சுண்டுவிரல் துடித்தது!

"எப்புடி மச்சான் இருந்துச்சு?"

"தோள்ல ஒரு குளவி கொட்டுன மாதிரி."

"அப்ப இருபது சுத்துனா ரெண்டு குளவி. அம்புட்டுத்தானே!"

மூச்சு வாங்கச் சுற்றினார். படார்! அப்பா உட்கார்ந்திருந்த பலகையிலிருந்து எகிறினார். செத்த கை தானாக எழும்பி மாமாவின் கன்னத்தில் பளாரென்று இறங்கியது. மாமா நெருப்புச் சட்டிக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தார்.

மாமாவின் கணக்கு பிசகிய இடத்தை வெகுகாலம் கழித்து நானாகவே தட்டுத்தடுமாறிக் கண்டுபிடித்தேன். மாத்தளைப் பாதையில் வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் தாராளமாக நுழைவான். அடுத்தவன் அவனை இடித்துக்கொண்டு நுழைய வேண்டும். அதற்கடுத்தவன் இரண்டு பேரை. மின்னேற்றமும் அப்படி ஒன்றுக்கொன்று ஆகாத கூட்டம். புதிதாக ஏறும் ஒவ்வொரு துளியையும் ஏற்கெனவே ஏறியதெல்லாம் சேர்ந்து தள்ளும். அந்தத் தள்ளலை மீறி ஏற்றிய உழைப்பின் மொத்தம்தான் உருண்டையின் ஆற்றல். மின்னேற்றம் இரு மடங்கானால், ஏறும் துளிகளும் இரு மடங்கு. ஒவ்வொன்றும் சராசரியாகச் சந்திக்கும் தள்ளலும் இரு மடங்கு. ஆக, இரண்டு குளவியல்ல, நான்கு. கன்னத்தில் விழுந்த அந்த அறைகூட மாமாவின் தோளில் புறப்பட்ட உழைப்புத்தான்; உருண்டை வழியாகச் சுற்றிக்கொண்டு அவர் கன்னத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? "அப்பாவுக்குக் கை வந்துருச்சு!" என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடினேன். அக்கம்பக்கத்தார் பின்னால் வர நான் திரும்பியபோது, மாமா ஒரு பக்கம் வீங்கிய முகத்தோடு அப்பாவின் முன்னால் மண்டியிட்டு, மறு கன்னத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யந்திரம் வேணாம் மச்சான். நீங்களா ஒரு அடி அடிங்க. ஒரே ஒரு அடி."

அப்பா மடியில் கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடிக்கவில்லை. மச்சானை அடிக்க அவருக்கு மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.