விரலளவு திறப்பு

வடதுருவக் கடலில் பனி பிளக்கும் இடங்களில் வெப்பம் மேலேறிக் காற்றை எப்படி மாற்றுகிறது என்று இரண்டு மாதம் அளந்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் லண்டனில் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு வாடகை அறையில் தங்கியிருக்கிறேன். ஜன்னல் முழுதாக மூட மாட்டேன் என்கிறது. அந்த விரலளவு சந்து வழியாக ஹீட்டர் சூடெல்லாம் தெருவுக்குப் போகிறது.

கூப்பிட்டதும் யாழ்ப்பாணத்து வீட்டுக்காரர் வந்து பார்க்கிறார்.

"சின்ன நீக்கல்தானே தம்பி."

"அந்த மாதிரி சின்ன நீக்கலை அளக்கத்தான் எங்களைக் கப்பல்ல அனுப்புறாங்கண்ணே!"

"பனிக்கடலிலை இருந்திட்டு வாறியள். உங்களுக்கு இதெல்லாம் ஒரு குளிரே?"

பக்கத்து அறையில் ஒரு குடும்பம் மாதக்கணக்காகக் குடியிருக்கிறது. அங்கேயும் இதே ஜன்னல்தான். சந்தில் பழந்துணி செருகியிருக்கிறார்கள். சுவருக்கு அப்பால் அவர்களுடைய கைக்குழந்தை மறுபடி இருமுகிறது.

"அந்தக் குழந்தை எந்தப் பனிக்கடல்ல இருந்துட்டு வந்துச்சு?" என்று கத்துகிறேன்.