அண்ணி தேர்ந்தெடுத்த குழாய்

என் அண்ணியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை சொன்னால் வீட்டில் யாரும் நம்புவதில்லை. நாத்தனார் என்றால் குறைதான் சொல்லவேண்டும் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறதோ! குறையும் சொல்கிறேன், பிடித்துக்கொள்ளுங்கள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். பிரிட்ஜ் கதவில் உத்தரவு ஒட்டுவாள்: "பால் பாக்கெட்டைத் திறந்தவரே முடித்துவைக்கவும்." என் அண்ணன் அதைப் படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் பால் எடுப்பான். அவ்வளவு பயம்.

குழாய், வாஷ்பேசின், ஷவர் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. அண்ணி அதன் அலுவலகச் செயலர். நான் அங்கே டைப்பிஸ்ட். வேலை வாங்கிக்கொடுத்தது அவள்தான், அதையும் அவ்வப்போது சொல்லிக்காட்டத் தவறமாட்டாள். கடைத்தெருவில் ஒரு வங்கிக்கு மேலே எங்கள் அலுவலகம். கூட்டம் போட ஒரு நீள மேஜை. சுவரோரம், உறுப்பினர்கள் விற்கும் குழாய்களையெல்லாம் வரிசையாக மாட்டிய ஒரு பலகை. பக்கத்தில் ஒரு வாஷ்பேசின். புதிதாக எந்தக் குழாய் வந்தாலும் அதில் பொருத்தித் தண்ணீர் விட்டுக் காட்டுவார்கள். ஆனால் அலுவலகத்தில் எங்களில் ஒருவருக்கும் ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்தது கூட்டம் கூட்டுவது, கடைக்காரர்களின் சண்டையை விலக்குவது, சுற்றறிக்கை அனுப்புவது. அண்ணிக்குப் பட்டப்பெயரே "சுற்றறிக்கை". அவளுக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாத மாதிரி இருப்பாள்.

சங்க ஊழியர்கள் ஏதாவது செய்யவேண்டும் என்று ஆரம்பித்ததும் அவள்தான். சம்பளத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம். அதோடு மாதக் கடைசிச் சனிக்கிழமை உடம்பையும் கொடுக்கவேண்டும். "காசு மட்டும் குடுத்துட்டு வீட்ல படுத்துக்கலாம்னு பாக்காதீங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். எங்கள் டிரைவர் கண் மருத்துவமனையில் கட்டுப் போட்ட நோயாளிகளைக் கைபிடித்துக் கூட்டிப்போவார். கணக்கர் அனாதை இல்லத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பார். ஆபீஸில் கூட்டல் தப்பினால் கத்துகிற மனுஷன், அங்கே குழந்தைகளிடம் கெஞ்சுவதைப் பார்க்கவேண்டுமே! அண்ணிக்கும் எனக்கும் முதியோர் இல்லம். முதலில் நான் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன். பிறகு சனிக்கிழமை எப்போது வரும் என்று பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த இல்லத்தில் முன்பக்கம் தனித்தனி அறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குளியலறை. பின்பக்கம் ஒரு பெரிய கூடம். கட்டில்கள் வரிசையாக இருக்கும், குளிப்பாட்டிவிட ஆயாக்கள் இருப்பார்கள். தானாகக் குளிக்க முடிகிறவர்களுக்கு முன்பக்கம். முடியாமல் போனால் கூடம். விதி அவ்வளவுதான். கூடத்திலும் நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் முன்பக்கத்தில் இருப்பவர்கள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

முன்பக்கத்து ராணி கண்டக்டரம்மா. பஸ்ஸில் காலமெல்லாம் டிக்கெட் கிழித்தவர். மூட்டு வாதத்தில் விரல்கள் எல்லாம் மடங்கிப்போய்விட்டன. ஆனாலும் காலையில் தானே குளித்து, தானே தலைசீவி, பவுடர் பூசி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அண்ணி ஒருமுறை உதவிக்குப் போனாள். "ஏம்மா, நான் என்ன கைக்குழந்தையா? போ, போய் வேற யாரையாவது பாரு" என்று விரட்டிவிட்டார். அண்ணிக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

அந்த இல்லத்துக் குழாய்கள் எல்லாம் ஒழுகல். அண்ணி பார்த்தாள். "குழாய் சங்கத்துல வேலை பாத்துக்கிட்டு இதைப் பாத்துட்டு சும்மா இருந்தா நமக்கு வெக்கமா இல்ல?" என்று ஆரம்பித்தவள், தலைவரிடம் போய் நின்றாள். எங்கள் தலைவர் ஊரிலேயே பெரிய குழாய்க் கடைக்காரர். கோபம் மூக்கின் மேல் இருக்கும், கையும் தாராளம். "என் கடையில எது வேணுமோ எடுத்துக்கோம்மா" என்றார்.

அண்ணி எதை எடுத்தாள்? பலகையிலேயே அழகானதை. கண்ணாடி மாதிரி பளபளக்கும் உருண்டைக் குமிழ் வைத்த குழாய். கண்காட்சியில் பரிசு வாங்கியது. இருப்பதில் மட்டமானதைத் தள்ளிவிடக்கூடாது, நம் வீட்டில் மாட்ட ஆசைப்படுவதைத்தான் கொடுக்கவேண்டும் என்பது அவள் கட்சி. நானும் ஆமாம் போட்டேன். சங்கத்தில் ஒரு குழாயை எப்படி மதிப்பிடுவோம்? பலகையில் மாட்டி, தள்ளி நின்று பார்ப்போம். அப்படித்தான் பார்த்தோம். பிளம்பர்கள் வந்து பொருத்தினார்கள். தலைவரை நடுவில் நிறுத்திப் படம் எடுத்தார்கள், சுற்றறிக்கை போயிற்று. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த முறை போனபோது கண்டக்டரம்மாவின் அறையில் துணிப்பை கட்டி வைத்திருந்தது.

"கூடத்துக்கு மாத்துறோம்" என்றார் இல்லத்துப் பொறுப்பாளர். "இப்பல்லாம் அவங்களால தனியா குளிக்க முடியல. நேத்துக்கூட குளிக்காமயே வெளிய வந்துட்டாங்க. கேட்டா பதிலே இல்ல. வயசாயிடுச்சு, என்ன பண்றது?"

கண்டக்டரம்மா ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பவுடர் இல்லை. அண்ணி குளியலறைக்குள் போனாள். குழாயின் குமிழில் ஒரு துண்டு இறுக்கிச் சுற்றியிருந்தது. துண்டின் நுனியில் பல் பட்டுக் கிழிந்திருந்தது. கையால் திருக முடியாமல், துண்டைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார் அந்த அம்மா.

பழைய குழாய் ஒழுகினாலும் அதற்குக் கூட்டல் குறி மாதிரி ஒரு பிடி இருந்தது. மடங்கிய விரலை அதில் மாட்டி இழுத்துவிடுவார். நாங்கள் வைத்த உருண்டைக்குப் பிடியே இல்லை. ஈரக்கையில் வழுக்கிக்கொண்டு சுற்றும்.

அண்ணி வெளியே வந்தபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பொறுப்பாளரிடம், "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க. நாங்கதான் கெடுத்துட்டோம். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் அவங்களை மாத்தாதீங்க, குழாயை மாத்திடுறேன்" என்றாள். அவர் யோசித்தார். அந்த அறைக்கு வேறு ஆள் காத்திருக்கிறது, அதற்குமேல் ஒரு நாள்கூட முடியாது என்று சொல்லி ஒத்துக்கொண்டார்.

சொல்லிவிட்டாளே தவிர, அது லேசான காரியமா? முழங்கையால் தள்ளித் திறக்கும் நீளக் கைப்பிடிக் குழாய்தான் சரிவரும், ஆஸ்பத்திரியில் இருப்பது போல. ஊரில் அதை விற்பது ஒரே ஒருவர். போன தேர்தலில் தலைவரை எதிர்த்து நின்று தோற்ற எதிர்க்கடைக்காரர். இருவரும் ஒரே மேஜையில் உட்காருவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள். தலைவர் கொடுத்ததைக் கழற்றிவிட்டு அவர் சரக்கை மாட்டுவதா?

சாப்பிடும்போது அண்ணன் கேட்டான். "உனக்கு எதுக்கு இந்த வம்பு? சத்தமில்லாம அந்த ஒரு அறையில மட்டும் மாத்திடு. வேலைக்கு உலை வச்சுக்காத."

"மத்த அறையில இருக்கறவங்க கைக்கு எப்ப வாதம் வரும்னு நான் போய் காத்துக்கிட்டிருக்கவா?" என்றாள் அண்ணி.

அண்ணன் அவளுக்குப் பிடித்தமான அப்பளத்தை அவள் தட்டில் வைத்துவிட்டு எழுந்துபோனான்.

புதன்கிழமை நிர்வாகக் குழுக் கூட்டம். தலைவர், எதிர்க்கடைக்காரர், மற்றவர்கள் எல்லாரும் வந்தாயிற்று. அலுவலக வாஷ்பேசினில் அண்ணி ஒரு பிளம்பரை விட்டு அந்தப் பரிசுக் குழாயைப் பொருத்தி வைத்திருந்தாள். பக்கத்தில் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறைகள், சோப்பு நீர் நிறைந்த ஒரு வாளி.

"எல்லாரும் கையுறை போட்டு, வாளியில முக்கி, இந்தக் குழாயைத் திறந்து கை கழுவிட்டு வாங்க. அப்பதான் டீ" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். என்னவோ விளையாட்டு என்று நினைத்துவிட்டார்கள். முதல் ஆள் போனார், திருகினார், வழுக்கியது. இரண்டாவது ஆள் வயிற்றால் முட்டுக்கொடுத்துப் பார்த்தார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். தலைவர் எழுந்தார். "தள்ளுங்கய்யா, என் குழாய் எனக்குத் தெரியாதா?" என்று கையுறை மாட்டினார். திருகினார். இன்னொரு முறை திருகினார். இரண்டு கையாலும் பிடித்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. எதிர்க்கடைக்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், சிரிப்பை அடக்கியதில் உதடு மட்டும் துடித்தது.

"என்னம்மா இது, கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துறியா?" தலைவர் குரல் உயர்ந்தது.

அண்ணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கண்டக்டரம்மாவைப் பற்றிச் சொன்னாள், துண்டைப் பற்றிச் சொன்னாள். "குழாய்ல ஒரு குறையும் இல்ல சார். உங்க மேலயும் தப்பில்ல. தேர்ந்தெடுத்தது நான். பலகையில பாத்து எடுத்தேன், யார் கை திறக்கப்போகுதுன்னு பாக்கல. சனிக்கிழமைக்குள்ள எல்லாத்தையும் மாத்தணும். அதுக்குச் சரியான குழாய் இவர் கடையிலதான் இருக்கு" என்று எதிர்க்கடைக்காரரைக் காட்டினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தலைவர் கையுறையை மேஜைமேல் வீசிவிட்டுப் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். டீயை யாரும் தொடவில்லை. எதிர்க்கடைக்காரர் மட்டும் அண்ணியிடம் வந்து, "அவர் என்ன சொன்னாலும் சரி, குழாய் நான் அனுப்புறேன். சங்கத்து பேர்லயே போகட்டும், என் பேர் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் இரண்டு நாளும் தலைவர் போன் செய்யவில்லை. அண்ணி வழக்கம்போல வேலைக்கு வந்தாள், வழக்கம்போல என்னை அதட்டினாள். ஆனால் அவள் மேஜையில் இருந்த சொந்தச் சாமான்களைப் பைக்குள் எடுத்துவைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தலைவர் மேல் மட்டுமில்லை, இவள் மேலும்தான். இவ்வளவு நல்லவளாக இருக்கச் சொல்லி யார் கேட்டது?

சனிக்கிழமை காலை டிரைவர் வண்டியில் குழாய்ப் பெட்டிகளை ஏற்றினார். அது மாதக் கடைசிச் சனிக்கிழமை இல்லை, இருந்தும் டிரைவரும் கணக்கரும்கூட எங்களோடு வந்தார்கள். பிளம்பர் ஒருவரும் கிடைக்கவில்லை. தலைவருக்குப் பயந்து எல்லாரும் நழுவிவிட்டார்கள். கணக்கர் ஒரு ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குளியலறை வாசலில் நின்றார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அதை இப்படிக் குடுய்யா, யார் தலையிலயாவது போட்டுறப்போற."

திரும்பினால் தலைவர். சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்துவிட்டிருந்தார். கடை முதலாளி ஆவதற்கு முன்னால் அவர் பிளம்பராக இருந்தார் என்று கேள்விப்பட்டதோடு சரி, நாங்கள் பார்த்ததில்லை. அண்ணியைப் பார்த்து, "நான் குடுத்ததை நான்தான் கழட்டுவேன். வேற எவனும் தொடக்கூடாது" என்றார். குரலில் இன்னும் கோபம் இருந்தது. ஆனால் கை வேலையில் இறங்கிவிட்டது. அண்ணி தரையில் உட்கார்ந்து அவருக்கு நூலும் வாஷரும் எடுத்துக்கொடுத்தாள். மதியம் தாண்டுவதற்குள் முன்பக்கத்து அறைகள் எல்லாவற்றிலும் நீளக் கைப்பிடி வந்துவிட்டது.

கண்டக்டரம்மாவின் அறைக்குக் கடைசியாகப் போனோம். அவர் துணிப்பை இன்னும் கட்டில்மேல்தான் இருந்தது. தலைவர், பொறுப்பாளர், டிரைவர், கணக்கர், அண்ணி, நான் எல்லாரும் அந்தச் சின்னக் குளியலறை வாசலில் முட்டிமோதிக்கொண்டு நின்றோம். கண்டக்டரம்மா மெல்ல வந்தார். முழங்கையால் கைப்பிடியை ஒரு தள்ளுத் தள்ளினார். தண்ணீர் கொட்டியது. திரும்பத் தள்ளினார், நின்றது. மறுபடி திறந்தார், மறுபடி நிறுத்தினார்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ பேச வாயெடுத்தார். கண்டக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க. நான் குளிக்கணும்" என்றார்.

முகத்தில் அடித்தமாதிரி கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது, பின்னாலேயே தண்ணீர் விழும் சத்தம். வெளியே ஊரின் பெரிய குழாய்க் கடைக்காரர் நனைந்த சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அவர் பக்கத்தில் என் அண்ணி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.