நெட்டு நன்றாகத்தான் இருந்தது

போன வருஷம் ஐப்பசியில், விடாமல் பெய்த மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது இது. நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு ஹாலில் இருந்தேன். என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், சிதம்பரத்தில் அவர் வீட்டு மாடியில் இருந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு நடந்ததில் அவருக்குப் பேச்சு பாதி போய்விட்டது. முழுவதும் காப்பாற்றியிருக்கலாமோ என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மச்சானின் அப்பா காலத்தில் காடாம்புலியூரில் முந்திரிக்காடு இருந்தது. இவர் சிதம்பரம் வந்து செருப்புக் கடை வைத்து நன்றாக நிமிர்ந்துவிட்டார். எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து எங்கள் இருவருக்கும் கிண்டல்தான் பேச்சு. எங்கள் பக்கத்தில் மச்சானும் மாப்பிள்ளையும் மரியாதையாகப் பேசிக்கொண்டால், ஏதோ சண்டை போலிருக்கிறது என்று வீட்டுப் பெண்கள் சமாதானம் பேச வந்துவிடுவார்கள். என் வழுக்கையை அவர் ஓட்டுவார், அவர் தொப்பையை நான் ஓட்டுவேன். அதில் ஒரு நாளும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அப்போது அவர் மகளுக்குப் பெங்களூரில் குழந்தை பிறந்திருந்தது. அவர் மனைவி அங்கே போய்விட்டதால் மச்சான் வீட்டில் தனி ஆள். பேரனைப் பெரிய திரையில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். என் மகன் காலேஜில் வைத்திருந்த பழைய லேப்டாப் சும்மா கிடந்தது, அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த லேப்டாப்போ வைஃபையைக் கண்டாலே படுத்துக்கொள்ளும். பேரன் வாயைத் திறந்தால் திறந்தபடியே நிற்பான். மச்சான் ஒரு வார்த்தை சொன்னால் அரை வார்த்தைதான் வந்து சேரும்.

"ஓசியில குடுக்குற பொருள் வேற எப்படி இருக்கும் மாப்ள" என்பார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆபீஸில் யாருடைய பிரிண்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஜாஸ்தி என்று என் மனைவி சொல்வாள், அது உண்மைதான். விடுமுறை நாட்களில் சிதம்பரத்துக்குப் போய் அந்த நெட்டோடு மல்லுக்கட்டினேன். ரவுட்டர் இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது, அதை எடுத்து ஜன்னலோரம் வைத்தேன். சார்ஜை மிச்சம் பிடிப்பதற்காக வைஃபையை அடக்கி வைக்கும் செட்டிங்கை மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடும், மறுவாரம் பழைய குருடி. கடைசியில், லேப்டாப்புக்குள் இருக்கும் வைஃபையே கிழடு என்று முடிவு கட்டி, வெளியே சொருகும் சின்ன வைஃபை ஸ்டிக் ஒன்று வாங்கிக் கொண்டுபோய் மாட்டினேன். அது மாட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் சொல்லும் நாள்.

வீடியோவில் மச்சான் வந்ததும், "எப்படி இருக்கு நம்ம ஸ்டிக்கு?" என்று பெருமையாகக் கேட்டேன். அவர் ஏதோ சொன்னார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, இழுத்து இழுத்து வந்தன. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. காசைப் போட்டு வாங்கியதும் வீணா என்று ஸ்டிக் விற்ற கடைக்காரனை மனசுக்குள் திட்டினேன்.

என் மனைவி சமையல்கட்டில் இருந்தாள். குரலைக் கேட்டுவிட்டு, "என்னாங்க, அண்ணன் பேசுறது ஒரு மாதிரி இருக்குதே?" என்றாள்.

"நெட்டு" என்று ஒரே வார்த்தையில் அவளை அடக்கிவிட்டேன். அவளும் அரிசி களையப் போய்விட்டாள்.

மச்சான் மறுபடியும் குழறினார். "என்ன மச்சான், காலையிலயே ஏத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது, இன்னொரு பக்கம் அப்படியே நின்றது. படம் பாதியில் உறைந்து நிற்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. இத்தனை வாரமாக அந்தத் திரையில் எத்தனையோ தடவை அப்படிப் பார்த்திருந்தேன்.

வைஃபையை ஒரு தடவை அழித்துவிட்டு மறுபடியும் சேர்த்தால் சரியாகும் என்று சொல்லி, எங்கே அமுக்க வேண்டும் என்று வழி காட்டினேன். தட்டுத் தடுமாறி அழித்தார். வீடியோ கட்டானது. உடனே செல்போனில் கூப்பிட்டு, "இப்ப பாஸ்வேர்டு போடுங்க மச்சான்" என்றேன். போனிலும் அதே குழறல். செல்போனும் அந்த வைஃபையில்தானே ஓடுகிறது என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

பாஸ்வேர்டு தப்பு என்று வந்தது. திரும்பப் போட்டார், திரும்பவும் தப்பு. எனக்கு இயல்பாகவே பொறுமை கம்மி. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலக் கத்தினேன்.

"கை... வரல... மாப்ள" என்றார்.

"அது எப்படி வரும்? கல்லாப்பெட்டிய தொறக்க மட்டும்தானே வரும்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. எந்தக் கிண்டலுக்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் அவர். பதில் இல்லையே என்று அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

மச்சான் வீட்டுக் கீழ் போர்ஷனில் ஒரு முஸ்லிம் குடும்பம் குடியிருக்கிறது. கணவர் குவைத்தில் இருக்கிறார், அந்தப் பெண் பிள்ளைகளோடு இங்கே இருக்கிறாள். என்னை அண்ணே என்றும் மச்சானை மாமா என்றும் கூப்பிடுவாள், தன் அப்பாவை அத்தா என்பாள். அவள் நம்பர் என்னிடம் இருந்தது. "கொஞ்சம் மேல போயி மாமாவுக்கு ஒரு பாஸ்வேர்டு மட்டும் போட்டுக் குடும்மா" என்று கேட்டேன். சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டுப் போகிறேன் என்றாள்.

சற்று நேரத்தில் வீடியோ திரும்ப வந்தது. திரையில் அவள் நின்றாள், பின்னால் நாற்காலியில் மச்சான்.

"அண்ணே, நான் பேசுறது கேக்குதா?"

"நல்லா கேக்குதும்மா" என்றேன். உண்மையிலேயே மணி போலக் கேட்டது. அவள் காதில் தோடு ஆடுவதுகூடத் தெரிந்தது.

"அப்ப நெட்டுக்கு ஒண்ணும் இல்லண்ணே. மாமாவுக்குத்தான் வாயி ஒரு பக்கமா கோணிக்கிட்டு இருக்கு. வலது கைய தூக்கச் சொன்னேன், தூக்க முடியல. எங்க அத்தாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீங்க அக்காவ அழைச்சிக்கிட்டு கெளம்பி வாங்க."

அவள் பேசப் பேச, ஒரு எழுத்துகூட விட்டுப்போகாமல் என் காதில் விழுந்தது. அவளுக்குப் பின்னாலிருந்து மச்சான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிதம்பரம் பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது வைத்தியம் ஆரம்பித்திருந்தார்கள். உயிருக்குப் பயமில்லை என்றார் டாக்டர். பக்கவாதம், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று விளக்கினார். அதன் பிறகு, "எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். காலையில் நான் கூப்பிடும்போதே அப்படித்தான் பேசினார் என்று சொன்னேன். "பேச்சு குழறுன உடனே கூட்டிக்கிட்டு வந்திருக்கணும் சார். இதுல ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு" என்றார். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.

இப்போது மச்சான் நடக்கிறார், கடைக்கும் போய் உட்காருகிறார். வலது கை அரைகுறையாகத்தான் வேலை செய்கிறது. பேச்சு வருகிறது, ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்துக்கொண்டு வருகிறார். பேரனைக் கொஞ்ச வாயெடுப்பதற்குள் அவன் வேறு பக்கம் திரும்பிவிடுகிறான். ஒரு நாள் நான் மனசு தாங்காமல், "என்னாலதான் மச்சான்" என்று அழுதுவிட்டேன். "எனக்கே... தெரியல... நானும்... நெட்டுன்னு தான்... நெனச்சேன்" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அவர் மன்னித்துவிட்டார் என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

என் மனைவி இத்தனை நாளில் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிக் கேட்டாள். "நான் சமையக்கட்டுல இருந்தேன், எனக்குக் கொரல் மட்டும்தான் கேட்டுச்சு. நீங்க நேரா மொகத்தப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே?" என்றாள்.

பார்த்துக்கொண்டு இருந்தேனா என்றுதான் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. மச்சானின் முகம் திரை முழுக்க இருந்தது. நானோ, திரையின் மூலையில் இருக்கும் சிக்னல் கோடுகள் எத்தனை எரிகின்றன என்றுதான் அன்றைக்கு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.