யாரும் கழுவாத உறுமி

ரவாங்கில் எங்கள் தொழிற்சாலை கேண்டீனில் ரொட்டி சானாய்மேல் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. சுரேஷ் அனுப்பியிருந்தான். ஒரு குத்துவிளக்குப் படம், அதன் கீழே ஒரே வரி: "ஜெயந்தி அக்கா போயிட்டாங்க." காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டில் மயங்கி விழுந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் கசிவாம். மருத்துவமனைக்குப் போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. முந்தின நாள்தான் என்னிடம் சண்டை போட்டாள். நான் வைத்த சம்பலில் உப்பு இல்லையாம்.

கோல சிலாங்கூரில் அவள் வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உடல் இன்னும் வந்திருக்கவில்லை. பேனர் வந்துவிட்டது! வாசல் வேலியில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டியிருந்தார்கள். "எங்கள் ஆலயத்தின் அன்பு மகள், இசைச் செல்வி ஜெயந்திக்குக் கண்ணீர் அஞ்சலி. ஆலய நிர்வாகம்." அன்பு மகளாம்! இதைப் படிக்கிற உங்களில் பலரும் அந்தப் பேனரைப் பார்த்தீர்கள். சிலர் அதன் முன்னால் நின்று படமும் எடுத்துக்கொண்டீர்கள். அந்தக் கோவில் இந்த மகளை எப்படி வைத்திருந்தது என்று தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தும் தெரியாததுபோல இருப்பவர்களும் படிக்கட்டும்.

ஜெயந்தி எங்கள் தொழிற்சாலையில் மின்சாரப் பலகைகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தாள். நான் பக்கத்து அலுவலகத்தில். அடக்கமானவள் என்று அஞ்சலிக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். யாரைச் சொன்னார் என்று எனக்குப் புரியவில்லை. "எனக்கு இருக்கிறது காது, உங்களுக்கு இருக்கிறது தோடு மாட்டுற எடம்" என்று எங்களைப் பார்த்துச் சொல்கிறவள் அவள். அவளுடைய அப்பா தோட்டத்துக் கோவிலில் உறுமி வாசித்தவர். அவர் போனபின் அந்த உறுமி அவளுடைய அத்தை மகனான சுரேஷிடம் போனது. ஒருமுறை அதைத் தோளில் மாட்டிப் பார்க்கட்டுமா என்று அவள் கேட்டபோது கோவில் தலைவர் சொன்ன பதில், "பொம்பளப் புள்ள உறுமியத் தொடக்கூடாதும்மா, தீட்டு" என்பது. மற்ற ஊர்களில் பெண்பிள்ளைகள் குழுவாகவே உறுமி அடிக்கிறார்கள். நம் தலைவரும் கைப்பேசியில் அதைப் பார்த்துத் தலையாட்டுவார். தன் கோவிலுக்குள் வந்தால் மட்டும் அவருக்கு ஆகாது.

ஒரு நாள் வேலை நேரத்தில் அவள் என்னை இழுத்துக்கொண்டு போய்த் தன் மேசைமுன் நிறுத்தினாள். மின்னலையைக் கோடாகக் காட்டும் திரை அங்கே இருந்தது. "புஷ்பா, இந்த போர்டு கெட்டுப்போச்சு. ஆனா எவ்வளோ அழகா கெட்டுப்போயிருக்கு பாரேன்" என்றாள். கோடு கீழே இருந்து வழுக்கிக்கொண்டே மேலே ஏறியது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அப்பா வளைகுச்சியைத் தோலில் தேய்த்து உறுமியை உறும வைப்பது அதில் தெரிந்திருக்கிறது. அந்த மாதமே கோலாலம்பூரில் யாரிடமோ பேசிப் பழைய டிஜிட்டல் மாடுலர் சின்தசைசர் ஒன்றை வாங்கி வந்துவிட்டாள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இதில் பியானோ மாதிரிக் கட்டைகள் கிடையாது. ஒரு பெட்டிக்குள் பல துண்டுகள். ஒன்று சத்தத்தை உண்டாக்கும், ஒன்று அதை வடிகட்டும், ஒன்று தாளத்தை எண்ணும். எதை எதோடு சேர்ப்பது என்று நாம்தான் வயரால் இணைக்க வேண்டும். வயரைப் பிடுங்கினால் அந்தச் சத்தம் போயிற்று. மறுபடி அதே மாதிரி மாட்டினாலும் அதே சத்தம் வரும் என்று சொல்ல முடியாது.

முதல் சோதனை என் வீட்டு ஹாலில்தான் நடந்தது. அவள் வீட்டில் சத்தம் கேட்டால் கோபப்பட ஆட்கள் இருந்தார்கள். என் வீட்டுக்காரர் அறையிலிருந்து தலையை நீட்டி, "வாஷிங் மெஷின்ல காசு கீசு மாட்டிக்கிச்சா?" என்று கேட்டார். பல ஞாயிற்றுக்கிழமைகள் இப்படியே போயின. பிறகு சுரேஷை வரவழைத்துக் கேட்க வைத்தாள். அவன் பாவம், கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னான்: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. இது உறுமி இல்லலா. மாட்டுக்கு வயித்து வலி வந்த மாதிரி இருக்கு."

நான் சண்டைக்குத் தயாரானேன். அவள் சிரித்தாள். "சரி, எந்த எடத்துல வலிக்குதுன்னு சொல்லு. ஆரம்பத்துலயா, இழுக்கும்போதா?"

"இழுத்து முடிக்கிற எடத்துலக்கா. ஒவ்வொரு தடவையும் ஒரே எடத்துல போயி நிக்குது. கை அப்படி நிக்காது."

அதுதான் கோளாறு. தற்செயலாக எண்களை மாற்றிக்கொண்டே இருக்கும் ஒரு துண்டு அந்தப் பெட்டியில் இருந்தது. அதிலிருந்து ஒரு மஞ்சள் வயரை எடுத்து இழுவை முடியும் இடத்தில் மாட்டினாள். அதற்குப் பிறகு ஒரு உறுமல் போல இன்னொன்று வரவில்லை. சுரேஷ் நாற்காலியைவிட்டு எழுந்தே நின்றுவிட்டான். "ரெண்டு தடவ ஒரே மாதிரி வந்தா அது ஸ்கூல் பெல்லு" என்று ஜெயந்தி அன்று முழுவதும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமை தாங்க முடியவில்லை அவளுக்கு.

அந்த வருஷத் திருவிழாவில் தங்கள் உறுமி மேளத்தோடு அவள் பெட்டியையும் சேர்த்து வாசிக்கலாம் என்று சுரேஷ் சொன்னான். தலைவரும் வேண்டாவெறுப்பாகச் சரி என்றார். தோலும் இல்லை, குச்சியும் இல்லை, தீட்டு எங்கே ஒட்டும்? திருவிழாவன்று மத்தியானம் மேளக்காரப் பையன்கள் அன்னதானப் பந்தலுக்குச் சாப்பிடப் போயிருந்தார்கள். உறுமி பாயில் கிடந்தது. ஜெயந்தி பெட்டியைக் கோவில் ஒலிபெருக்கியில் மாட்டிச் சத்தம் பார்த்தாள். தூண் ஓரமாக உட்கார்ந்து முனியம்மா அத்தை கரகத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் அவர்மேல்தான் முதலில் அம்மன் வரும். அவர் கையிலிருந்த சரம் நழுவிக் கீழே விழுந்தது. தலை ஆட ஆரம்பித்தது. அடுத்த உறுமலுக்கு எழுந்து நின்றுவிட்டார்.

சாமி வந்தவர் ஆடும்போது மேளத்தை நடுவில் நிறுத்தக்கூடாது. பூசாரி வந்து நெற்றியில் திருநீறு வைத்து இறக்கும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆடுகிறவருக்கு ஆபத்து. எங்கள் ஊர்க் குழந்தைக்குக்கூட இது தெரியும். தெரியாமல் ஒருதரம் அடியை நிறுத்திய ஒரு பையனை இதே தலைவர் ஊரே பார்க்க அறைந்திருக்கிறார். அப்படிப்பட்டவர் அன்றைக்கு ஓடி வந்தார். "மெஷினுக்கெல்லாம் சாமி வருமா? என்னா வெளாட்டுலா இது? ஆஃப் பண்ணு!" என்று கத்திக்கொண்டே பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். அது மேளம் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. ஆடிக்கொண்டிருந்த அத்தை வெட்டிப்போட்ட செம்பனை மட்டைபோல விழுந்தார். கை கால் விறைத்துக்கொண்டது. பல் கிட்டிவிட்டது. பூசாரி பின்பக்கம் மடப்பள்ளியில் இருந்தார். "மேளம், மேளம்!" என்று யாரோ அலறினார்கள். அடிக்க ஆள் இல்லை.

ஜெயந்தி பாயில் கிடந்த உறுமியை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

ரொம்ப மோசமாகத்தான் வாசித்தாள். செத்துப்போனவள் என்பதற்காக நான் பொய் சொல்ல மாட்டேன். குச்சி வழுக்கியது, அடி தப்பியது. ஆனால் நிறுத்தவில்லை. அத்தையின் விரல்கள் பிரிந்தன, உடம்பு இளகியது, எழுந்து ஆடினார். பூசாரி ஓடி வந்து திருநீறு வைத்து இறக்கிய பிறகுதான் ஜெயந்தி கையை எடுத்தாள். இரண்டு உள்ளங்கையும் சிவந்துபோயிருந்தன.

ஒரு நன்றி? ஒரு வாய்த் தண்ணீர்? அவள் அங்கேயே நின்றுகொண்டிருக்க, அவள் கண் முன்னால், அவள் அப்பாவின் உறுமிக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். இனிமேல் அவள் கோவில் படி ஏறக்கூடாது என்றும் சொன்னார்கள். நான் வாய்க்கு வந்தபடி கத்தினேன். என்னை வாயாடி என்றார்கள். ஆமாம், வாயாடிதான்.

திரும்பும் வழியில் காரில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். "நான் தொட்ட உறுமியக் கழுவிட்டானுங்க. சாமிய வரவெச்ச உறுமி இது, இத ஒருத்தனும் கழுவல பாரேன் புஷ்பா!" சிரித்துச் சிரித்துக் கம்போங் குவாந்தான் முச்சந்தி வந்தபோது அழுதுகொண்டிருந்தாள். அதன்பிறகு அவள் அந்தக் கோவிலுக்குப் போகவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

இப்போது அன்பு மகள்! காரியம் முடிந்ததும் தலைவரே என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, அந்த மெஷின் உங்க வீட்டுலதான் இருக்காமே. கோவில் மண்டபத்துல அஞ்சலிக் கூட்டம் வெக்கிறோம், ஒரு நிமிஷம் போட்டா நல்லா இருக்கும்லா."

எனக்கு வந்த கோபத்தில் கைப்பேசியைச் சுவரில் எறிந்திருப்பேன். ஆனால் உயிரோடு இருந்தவரை அவளை உள்ளே விடாத இடத்தில் அவள் சத்தமாவது போகட்டும் என்று தோன்றியது. "கொண்டு வரேன். ஆனா முழுசா ஓடணும். நடுவுல நிறுத்தக்கூடாது" என்றேன். "அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றார்.

அவள் மாட்டிய வயர்கள் ஒன்றுகூட அசையாமல் பெட்டியைக் காரில் மெத்தைமேல் வைத்துக் கொண்டுபோனேன். பிளக் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை அதன்மேல் அணைத்து வைத்துக்கொண்டேன். உறுமல் எழுந்தது. மண்டபத்தில் பேச்சு அடங்கியது. சுரேஷ் தலையைக் குனிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் வாசலில் பரபரப்பு. தொகுதியின் மக்கள் பிரதிநிதியான ஒய்பி வந்துவிட்டார். தலைவர் என்னிடம் ஓடி வந்தார்.

"போதும் தங்கச்சி, நிறுத்துங்க. ஒய்பி வெளிய நிக்கிறாரு."

"நடுவுல நிறுத்தக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு நீங்கதானே தலைவரே?"

"அட, இது மெஷினும்மா!" என்று குனிந்து வயரில் கை வைத்தார்.

முன்வரிசையிலிருந்து முனியம்மா அத்தை எழுந்தார். சாமி எதுவும் வரவில்லை. தெளிவாகத்தான் இருந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு பூசாரியிடம் போய் உள்ளங்கை நிறையத் திருநீறு வாங்கிக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். தலைவர் வயரைப் பிடித்தபடியே நின்றார்.

"கைய எடுய்யா. என்மேல வந்தவ இதுலதான் வந்தா" என்றார் அத்தை. மேளத்துக்குப் பூசுவதுபோலப் பெட்டியின் நெற்றியில் மூன்று விரலால் பட்டையாகப் பூசினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப நிறுத்தும்மா" என்றார். நிறுத்தினேன். ஒய்பி மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு அதுவரை வாசலிலேயே நின்றார்.

ஜெயந்தியிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பெட்டி. மஞ்சள் வயர் அவள் மாட்டிய இடத்திலேயே இருக்கிறது. குமிழ்களின் இடுக்கிலெல்லாம் அத்தை பூசிய திருநீறு. நேற்று என் வீட்டுக்காரர் தூசி என்று நினைத்து ஈரத் துணியோடு வந்தார். கையைத் தட்டிவிட்டேன். ஜெயந்தி, உன் உறுமியை இன்னும் யாரும் கழுவவில்லை. நான் இருக்கும்வரை கழுவ விடவும் மாட்டேன்.