பச்சை வயர்

அவருக்குத் தெருவில் செட்டுக்காரர் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் சும்மா கிடக்கிறது. கார்களுக்குப் பாட்டு செட் மாட்டுவது தொழில். கேசட் காலத்தில் ஆரம்பித்து, சிடிக்கு வந்து, இப்போது ரேடியோ, மேப், போன், வீடியோ எல்லாம் ஒன்றாகிப்போன அகல ஸ்க்ரீன் வரைக்கும் இருபத்தாறு வருஷம். டயர் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவில், ஒரு கார் நுழைந்தால் அப்புறம் ஆள் நுழைய இடமில்லாத கடை. தெருவில் பாதிப் பேர் அவருடைய கால்களை மட்டும்தான் பார்த்திருப்பார்கள். மிச்ச உடம்பு எப்போதும் ஏதாவது ஒரு ஸ்டீயரிங்குக்கு அடியில் கிடக்கும். வாயில் டார்ச், கையில் கட்டர், வயிற்றின் மேல் கழற்றிய ஸ்க்ரூக்கள்.

வேலை படு சுத்தம். டேஷ்போர்டில் ஒரு கீறல் விழாது, ஒரு ஸ்க்ரூ மிச்சமாகாது. ஆனால் அந்தப் பச்சை வயர் விஷயத்தில் மட்டும் மனுஷர் பல வருஷமாக ஒரு காரியம் செய்து வந்தார்.

ஸ்க்ரீனோடு மெல்லிசாக ஒரு பச்சை வயர் வரும். அதை ஹேண்ட்பிரேக்கில் கொடுக்க வேண்டும் என்பது முறை. கொடுத்தால், ஹேண்ட்பிரேக்கை இழுத்து வண்டி நின்றால்தான் ஸ்க்ரீன் வீடியோ காட்டும், ஊர்ப் பேரை டைப் அடிக்க விடும். வண்டி நகர்ந்ததும் எல்லாவற்றையும் பூட்டிவிடும். நம் ஆட்களுக்கு அது பிடிக்குமா? "ஓடும்போது அட்ரஸ் அடிக்க முடியலன்னா இவ்ளோ பெரிய ஸ்க்ரீன் எதுக்குண்ணே?" என்று மறுநாளே வந்து நிற்பார்கள். இரண்டு தடவை டேஷ்போர்டைப் பிரித்து மூடுகிற வேலை யாருக்கு வேண்டும் என்று செட்டுக்காரர் முதலிலேயே அந்த வயரை வண்டியின் இரும்பில் இணைத்து, டேப் சுற்றிவிடுவார். அவ்வளவுதான். அதன் பிறகு வண்டி நூற்றிருபதில் பறந்தாலும் அந்த ஸ்க்ரீனைப் பொறுத்தவரை அது வீட்டு வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

கேட்டவர்களுக்கும் செய்தார், கேட்காதவர்களுக்கும் செய்தார். பெட்டிக்குள் ஒரு கையேடு வரும். முதல் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை. அந்தக் காகிதம் வழவழப்பாக, கெட்டியாக இருக்கும் என்பதால் ஸ்க்ரூ மடித்து வைக்க வசதி. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட வந்து சட்டையைப் பிடிக்கவில்லை. அதனால் தப்பு என்று தோன்றவும் இல்லை.

போன வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டிங்கரிங் ஷெட்காரர் கூப்பிட்டார். அடிபட்ட கார்களைத் தட்டி நிமிர்த்துகிறவர், பழைய சிநேகிதர்.

"யோவ், நீ மாட்டுன செட் ஒண்ணு வந்திருக்குய்யா. வண்டி இனிமே தேறாது. செட்டையாவது கழட்டித் தரச் சொல்லுறாங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போ."

போய்ப் பார்த்தார். வெள்ளைக் கார். முன்பக்கம் பாதி இல்லை. மருந்து கம்பெனிக்காரர் ஒருவருடையது. ஆறு மாசத்துக்கு முன்னால் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டே செட் மாட்டிக்கொண்டு போனவர்.

"ஆளு எப்படி?"

"உசிரு இருக்கு. காலுதான் என்ன ஆகும்னு தெரியல. நின்னுட்டிருந்த லாரி. நேரா போய் விட்டிருக்கான், பிரேக்கே அடிக்கல. தூங்கிட்டான் போல."

செட்டுக்காரர் ஸ்க்ரீனைக் கழற்றினார். ஒரு கீறல் இல்லை. வேலை செய்கிறதா என்று பார்க்க அங்கே கிடந்த பேட்டரியில் இரண்டு வயரைத் தொட்டார். ஸ்க்ரீன் விழித்துக்கொண்டது, விட்ட இடத்திலிருந்து. எழுத்துப் பலகை திறந்திருந்தது. மேலே தேடுகிற கட்டத்தில் "பெட்ரோ" என்று இருந்தது. அதோடு நின்றிருந்தது.

அந்த ஆள் தூங்கவில்லை.

செட்டுக்காரர் பேட்டரியிலிருந்து வயரை எடுத்தார். குனிந்து பின்பக்க வயர்க் கொத்தைப் பார்த்தார். பச்சை வயர், கறுப்பு டேப், அவர் கைச் சுற்று. மூன்று சுற்று சுற்றி ஓரத்தை உள்ளே மடிப்பார், வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஷெட்காரர் "என்னய்யா, ஓடுதா?" என்று கேட்டதற்கு "ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

அப்போதுதான் போன் அடித்தது. மகள்.

"அப்பா, கிளம்பிட்டோம். பாப்பா, நான், அவரு. ரெண்டரைக்கெல்லாம் வந்துருவோம். அம்மாகிட்ட சொல்லிருங்க, அவங்க போனை எடுக்கல."

"யாரும்மா ஓட்டுறது?"

"அவருதான். ஏன்ப்பா?"

பின்னால் பேத்தி பார்க்கிற பொம்மைப் பாட்டுச் சத்தம். அவர் வாயைத் திறப்பதற்குள் பாதை வளைவில் சிக்னல் போய் இணைப்பு அறுந்துவிட்டது.

அந்தப் பாட்டு எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும். போன மாசம் மாப்பிள்ளை புதுக் கார் வாங்கியபோது, "நம்ம வீட்டு வண்டிக்கு நான்தான் மாட்டுவேன்" என்று அடம்பிடித்து, கடையிலேயே பெரிய ஸ்க்ரீனாகப் பார்த்து மாட்டியவர் அவர். மூன்று வயசுப் பேத்தி முன்னால் எட்டிப் பார்த்து ரசிக்க வேண்டுமே என்று மாப்பிள்ளை கேட்காமலேயே பச்சை வயரை இரும்பில் கொடுத்தார். அது போதாதென்று மாப்பிள்ளை போன், மகள் போன் இரண்டையும் ஸ்க்ரீனோடு இணைத்துவிட்டு, "போனைத் தொடவே வேணாம் மாப்ள, கால், மெசேஜ் எல்லாம் கண்ணு முன்னாடியே வந்து நிக்கும்" என்று பெருமையடித்தார். மாப்பிள்ளை ஏற்கெனவே ஒரு ரேடியோ நிலையத்தில் இரண்டு நிமிஷம் நிற்காத ஆள். ஓட்டிக்கொண்டே தட்டித் தட்டி மாற்றுவார்.

கூப்பிட வேண்டும் என்று விரல் போய்விட்டது. பெயரை அழுத்தப் போன விரல் அப்படியே நின்றது. கூப்பிட்டால் என்ன ஆகும்? மேப் மறைந்து, பாட்டு நின்று, ஸ்க்ரீன் முழுக்க "மாமா" என்று எழும்பும். மாப்பிள்ளை குனிந்து பார்ப்பார். எடுக்கவா விடவா என்று பச்சையையும் சிவப்பையும் தேடுவார். அந்த நேரத்தில் முன்னால் ஒரு லாரி நின்றிருந்தால்? மகளைக் கூப்பிட்டாலும் அதே ஸ்க்ரீன். மெசேஜ் அனுப்பினாலும் அதே ஸ்க்ரீன். எச்சரிக்கை சொல்லப் போகிற சத்தமே எமனாகிவிடுமோ என்று பயந்து போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். ஒரு நிமிஷம் கழித்து, தெரியாமல் கை பட்டு அழைப்பு போய்விட்டால் என்ன செய்வது என்று அதை எடுத்து அணைத்தார். அப்புறம் அவர்களே கூப்பிட்டால் என்று மறுபடி போட்டார்.

கடையைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தார். மனைவி வாசலிலேயே போனோடு நின்றிருந்தாள்.

"இவ கூப்பிட்டிருக்கா, நான் கவனிக்கல. எங்க வர்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுடறேன்..."

"போடாத!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கத்தியதில்லை.

"எதுக்குங்க இப்படிக் கத்துறீங்க?"

என்ன சொல்வார்? திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். "வண்டி ஓட்டும்போது எதுக்குத் தொந்தரவு" என்று முனகிவிட்டு அவள் போனையும் வாங்கி அலமாரியில் வைத்தார். மனைவி அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குக் கேட்காமல் இருக்கவும் தெரியும்.

மணி ஒன்று. ஒன்றரை. சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை டைப் அடிக்க எத்தனை விநாடி ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊர்ப் பெயர் என்றால் ஐந்து எழுத்து, ஐந்து விநாடி. ஐந்து விநாடியில் அந்தச் சாலையில் வண்டி எவ்வளவு தூரம் போகும்? நம் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதும் இதுவும் ஒன்றுதான். இந்தக் கணக்கை இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூடப் போட்டுப் பார்க்கவில்லையே என்று நினைத்துத் தட்டைத் தள்ளி வைத்தார்.

ரெண்டரை ஆயிற்று. வரவில்லை. மூன்று. வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்தார். ஹாரன் கேட்டால் ஓடினார், தண்ணீர் லாரி. மூன்றே காலுக்கு மனைவி, "இப்பவாவது கூப்பிடுங்களேன்" என்றாள். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, பச்சை வயர் கதையை அவளிடம் முழுசாகச் சொன்னார். இரும்பில் கொடுத்ததை, யாரும் கேட்காமலே கொடுத்ததை, காலையில் பார்த்த பாதி வார்த்தையை. அவள் கேட்டுவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

மூன்று நாற்பதுக்குக் கார் தெருவில் திரும்பியது.

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே இறங்கினார். "லேட்டாயிடுச்சு மாமா. ஆனா செட்டு சூப்பர் மாமா! பாட்டு பாட்டுக்கு ஓடுது, மேப் மேப்புக்கு ஓடுது. ஓடும்போதே டைப் அடிக்கலாம், நிறுத்தவே வேணாம்."

செட்டுக்காரர் பேத்தியைத் தூக்கினார். அப்புறம்தான் இடது முன்சக்கரத்தைப் பார்த்தார். பாதி உயரத்துக்குச் சேறு. பம்பரில் புல் செருகியிருந்தது.

"தாத்தா, காரு கீழ போச்சு" என்றாள் பேத்தி. "அம்மா கத்துனாங்க."

"அது ஒண்ணுமில்ல மாமா," என்றார் மாப்பிள்ளை. "வழி மாறிடுச்சு, ஊர் பேரை மறுபடி அடிச்சேன். ஒரே செகண்டு. ஓரத்துல இறங்கிடுச்சு. பாலத்துச் சுவருக்கு முன்னாடியே பிரேக் போட்டுட்டேன்ல."

மகள் இன்னும் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"அந்தச் சுவரு என் பக்கம்ப்பா" என்றாள். "இவ்ளோதான் இடம் இருந்துச்சு." கையை விரித்துக் காட்டினாள். ஒரு சாண் இருக்கும்.

அவர் யாரையும் உள்ளே வாருங்கள் என்றுகூடக் கூப்பிடவில்லை. டார்ச்சையும் கட்டரையும் எடுத்து வந்து, ஸ்டீயரிங்குக்கு அடியில் தலையைக் கொடுத்து மல்லாந்து படுத்தார். மாப்பிள்ளை, "என்ன மாமா, வந்ததும் வராததுமா?" என்றார். தன் கையால் சுற்றிய மூன்று சுற்று டேப்பைப் பிரிக்க அன்றைக்கு அரை மணி நேரம் ஆயிற்று. வயரை ஹேண்ட்பிரேக்கில் கொடுத்துவிட்டு, வண்டியை ஐந்தடி நகர்த்தச் சொன்னார். ஸ்க்ரீன் பொம்மைப் பாட்டை நிறுத்தி, டைப் அடிக்கிற கட்டத்தைப் பூட்டிக்கொண்டது. பேத்தி அழுதாள். மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கியது.

"இனிமே நிறுத்திட்டுத்தான் மாப்ள அடிக்கணும். ரேடியோவை மாத்தணும்னா ஸ்டீயரிங்ல பட்டன் இருக்கு, கண்ணை எடுக்க வேணாம். முதல்லயே சொல்லியிருக்கணும். தப்பு என்மேலதான்."

சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். மடியில் கனம் இருக்கிறவன் எப்படி உட்காருவான்? வாரண்டிக்காகப் பெயரும் நம்பரும் எழுதி வைக்கிற நோட்டு கடையில் இருந்தது. ஓடிப் போய் எடுத்தார். நானூறுக்கு மேல் பெயர்கள். எல்லாரையும் வரச்சொல்லி ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்து, கடைசியாக மாட்டிய வண்டியிலிருந்து ஆரம்பித்தார். நம்பரை அழுத்தினார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்கண்ணே! ஸ்க்ரீன்ல உங்க பேரு வந்துச்சு, பார்த்ததும் எடுத்துட்டேன்."

பின்னால் ஒரே இரைச்சல். குழந்தைகள் பாடுகிற, சண்டை போடுகிற சத்தம். பள்ளிக்கூட வேன் டிரைவர். மணி நாலே முக்கால். பதைப்பில் நேரத்தை யோசிக்காமல் கூப்பிட்டிருந்தார்.

"அண்ணே? கேக்குதா? இருங்க, சவுண்டு ஏத்துறேன்..."

"எதையும் தொடாதப்பா!" என்றார் செட்டுக்காரர். "ரோட்டைப் பாரு. வச்சிடறேன்." வைத்துவிட்டார்.

வைத்த பிறகுதான் பயம் முழுசாக வந்தது. இப்போது அவன் என்ன செய்துகொண்டிருப்பான்? அண்ணன் ஏன் பாதியில் வைத்தார் என்று ஸ்க்ரீனில் அவர் பெயரைத் தேடிக்கொண்டிருப்பானோ? போன் திரும்ப அடித்தது. அவன்தான். எடுத்தாலும் ஆபத்து, எடுக்காவிட்டாலும் ஆபத்து. அடித்து ஓய்கிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தார்.

கடையைப் பூட்டாமலே ஸ்கூட்டரை எடுத்தார். வேன் கடைசியாக நிற்கிற இடம் அவருக்குத் தெரியும். தபால் ஆபீஸ் முனை, ஐந்தரைக்கு வர வேண்டும். கட்டரும் டேப்பும் பையில் இருந்தன. அங்கே பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த ஏழெட்டுப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆனபோது சிரிப்பு குறைந்தது. ஒருத்தி செருப்பைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள். இன்னொருத்தி போனை எடுத்து, "டிரைவருக்குப் போட்டுப் பார்ப்போமா?" என்றாள்.

"வேணாம்மா," என்றார் செட்டுக்காரர், கையெடுத்துக் கும்பிடாத குறையாக. "தயவுசெஞ்சு போடாதீங்க."

அவள் திரும்பி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கிரீஸ் படிந்த சட்டை, வியர்த்த முகம்.

"உங்க பிள்ளையும் இந்த வேன்லதான் வருதா?"

"ஆமாம்மா" என்றார்.

இரண்டு பேரும் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.