அரசாணிக்காய் வாங்கிய நீதிபதி

முந்தாநாள் காலையில் மருமகள் அரசாணிக்காயைப் பிளந்துகொண்டிருந்தாள். நீங்கள் பரங்கி என்பீர்கள், மஞ்சள் பூசணி என்பீர்கள். எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் அரசாணிக்காய்தான். அறுத்தவுடன் ஈரமண் மாதிரி ஒரு வாசம் வருமே, அது கூடத்துக்கு வந்து சேர்ந்த நேரம் பார்த்து டிவியில் ஒரு பெண் செய்தி வாசிக்கிறாள்: ஏதோ பெரிய வழக்காம், விசாரணையிலிருந்து நீதிபதி தாமாகவே விலகிக்கொண்டாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே போய்ப் பின்வாசலில் உட்கார்ந்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "ஏனுங்கத்தே, கண்ணு கலங்கியிருக்குது?" என்றாள். வெங்காயத்துக்கு அழுகிறவர்கள் உண்டு. அரசாணிக்காய்க்கு அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

தொண்ணூறுகளில் நான் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன மோட்டார் பட்டறையில் மோட்டாருக்குள் வைக்கிற கம்பிச்சுருள், காயில் என்பார்களே, அதைச் சுற்றிக்கொண்டிருந்தேன். செம்புக் கம்பியும் வார்னிஷுமாகக் கிடக்கிற வேலை. அந்த வார்னிஷ் நாற்றம் குளித்தாலும் போகாது; டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மெல்ல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோர்ட்டுக்குப் போகிற நாட்களில் அப்பா வாசலிலிருந்தே சத்தம் போடுவார்: "நல்லாச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா கண்ணு. ஜட்ஜு மூக்கப் புடிச்சுக்கிட்டுத் தீர்ப்பச் சொல்லப் போறாரு." அரை நாள் லீவு போட்டு அவரை நான்தான் கூட்டிப் போவேன். காந்திபுரத்தில் இறங்கி, அவருடைய விந்துகிற இடது கால் நடக்கிற வேகத்துக்கு நடந்து, கோர்ட் வராந்தாவில் போய் நிற்போம். வருஷக்கணக்கில் நின்றோம்.

வழக்கு ஒரு நடைவழிக்காக. எங்கள் காலனியிலிருந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற தடம் பண்ணாடியின் சோளக்காட்டு ஓரமாகப் போகும். தோட்டத்துச் சொந்தக்காரரைப் பண்ணாடி என்றுதான் கூப்பிடுவோம். அப்பாவும் அவருடைய அப்பாவும் அந்தத் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் சனத்தில் யார் செத்தாலும் அந்தத் தடத்தில்தான் தூக்கிப்போவார்கள். என் அம்மாவையும் அப்படித்தான் கொண்டுபோனோம். அம்மா போன மறுவருஷம் பண்ணாடி அதில் கம்பிவேலி போட்டுவிட்டார். இனிமேல் மேட்டுப்பாளையம் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போங்கள் என்றார். லாரியும் பஸ்ஸும் பறக்கிற ரோடு அது. தினமும் பொழுது சாய அம்மாவிடம் போய் ஒரு நாழி உட்கார்ந்துவிட்டு வந்த அப்பாவுக்கு, அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் சுற்ற முடியவில்லை. காலனிக்காக வழக்குப் போட ஆள் வேண்டும் என்றபோது அவர்தான் கையெழுத்துப் போட்டார். "உங்கொம்மா போன வழியிலதான் நானும் போகோணும். வேறொண்ணும் எனக்கு வேண்டாம்" என்பார்.

சாட்சி விசாரணையெல்லாம் முடிந்து, நீதிபதியாக இருந்த முன்சீப் மாற்றலாகிப் போனார். புதிதாக ஒருவர் வந்தார். தெற்கத்திக்காரர், சின்ன வயசு, குனிந்த தலை நிமிராமல் எழுதுகிறவர். வக்கீல்களின் வாதத்தை அவர் கேட்டு முடித்த அன்று எங்கள் வக்கீல் வெளியே வந்து, "மனுசன் கேட்ட கேள்வியப் பாத்தா நம்மளுக்கு நல்லபடியா வருமுங்க" என்றார். தீர்ப்புக்குத் தேதியும் போட்டாயிற்று. அப்பா அன்றைக்கு எனக்கு பேக்கரியில் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார். எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது அப்போது. ஆனாலும் பன்.

இடையில் அறுப்பின் பண்டிகை வந்தது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், எங்கள் சபைகளில் அவரவர் விளைச்சலையும் கோழியையும் பலகாரத்தையும் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். எங்கள் ஆலயத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. ஏலம் எடுத்தவரிடம் பொருளைக் கொண்டுவந்தவரே தூக்கிப்போய்க் கொடுத்துக் கைகுலுக்க வேண்டும். அப்பா வீட்டுக்குப் பின்னால் விளைந்த அரசாணிக்காயைத் தோளில் சுமந்து போயிருந்தார். நல்ல வாட்டசாட்டமான காய், எங்கள் வீட்டுப் பிள்ளையைவிடக் கனம்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவர் கை தூக்கினார். விருந்தாளியாகப் பிரசங்கிக்க வந்த போதகரோடு வந்திருந்தவர், பக்கத்தில் மனைவியும் ஒரு பெண்குழந்தையும். மேலே மேலே கேட்டுக் காய் அவருக்கே விழுந்தது. பாருங்கள், கோட்டும் கழுத்துப்பட்டையும் இல்லாமல் எங்கள் வழக்கு நீதிபதியை எனக்கு அடையாளமே தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பாதி வழியில் காயோடு நின்றுவிட்டார். ஆனால் சபை முழுக்கக் கைதட்டுகிறது, திரும்பியும் வர முடியாது. போய்க் கொடுத்தார். "நல்லா வெளஞ்ச காயிங்க. வெதைய எடுத்து வெச்சுக்கோங்க" என்றார். அவர் இரண்டு கையாலும் அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வழக்கைப் பற்றி அப்பா மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்றதால் சொல்கிறேன்.

தீர்ப்பு நாள். டவாலி எங்கள் பேரைக் கூப்பிட்டார். அப்பா முன்னால் போய்க் கும்பிட்டார். நீதிபதி என்றைக்கும் இல்லாமல் தலை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடியே இருந்தார். பிறகு மேசைமேல் இருந்த வழக்குக் கட்டை மூடி, கயிற்றை அவரே கட்டினார்.

"கோயில் ஏலத்துல இவர் கையால ஒரு காய் வாங்கிட்டுப் போயிருக்கேன். வீட்ல எல்லாரும் சாப்பிட்டோம். இவர் வாதின்னு அப்ப எனக்குத் தெரியாது. இனி நான் இதுல தீர்ப்பு சொல்றது சரியில்ல. வேற கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லி எழுதுறேன்" என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீலே எழுந்து, "ஐயா, ஒரு காய்தானுங்களே! எங்களுக்கு ஆட்சேபணையே இல்லீங்க" என்றார்.

"இன்னைக்கு இல்ல. தோத்தா நாளைக்கு வரும்."

எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றார்.

பஸ் துடியலூர் தாண்டியது. அப்பா மெதுவாக, "ஏங்கண்ணு, நான் லஞ்சம் குடுத்தேன்னு நெனச்சுப்போட்டாரா?" என்றார். இல்லீங்கப்பா, அதெல்லாம் ஒரு முறை, உங்கள்மேல் தப்பில்லை என்று வக்கீல் சொன்னதையெல்லாம் நானும் சொன்னேன். "அப்பறம் ஏன் எல்லாரும் சிரிச்சாங்க?" என்று கேட்டார். அந்த வருஷத்திலிருந்து பண்டிகைக்கு அவர் எதுவும் கொண்டுபோனதில்லை. பின்னால் காய்த்த கொடியையும் ஒருநாள் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டார்.

அந்த நீதிபதியும் எங்களைப் போலக் கூலிவேலைக் குடும்பத்திலிருந்து படித்து வந்தவர் என்று போதகர் பிறகு சொன்னார். தன் சனத்துக்குச் செய்துவிட்டான் என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பயந்திருப்பார். பயம் நியாயமானதுதான். ஆனால் எனக்கு அவர்மேல் வந்த கோபமும் நியாயமானதுதான். நீர் சுத்தமாக வீட்டுக்குப் போய்விட்டீர், எங்களுக்கு வழி எங்கே ஐயா என்று அந்த நாற்காலியைப் பார்த்துக் கத்தலாம் போல இருந்தது.

புதுக் கோர்ட்டில் எல்லா வாதமும் மறுபடி முதலிலிருந்து. அங்கே இருந்த நீதிபதி பண்ணாடியின் சம்பந்தி வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். ஊருக்கே தெரியும். தன்னால் இந்த வழக்கைக் கேட்க முடியுமா என்ற யோசனை அவருக்கு வந்ததாகவே தெரியவில்லை. வாடகை கொடுக்கிறோம், இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்களிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேறு கோர்ட்டுக்கு மாற்றச் சொல்லி மனுப் போடலாமா என்று வக்கீல் கேட்டபோது அப்பாதான் வேண்டாம் என்றார்.

"ஒருத்தரு காயிக்காகப் போயிட்டாரு. இன்னொருத்தர ஊட்டுக்காகப் போங்கன்னா, கேச யாருங்க கேப்பாங்க?"

தீர்ப்பு எங்களுக்கு எதிராக வந்தது. ரோட்டு வழியாகப் போக வசதி இருக்கிறதாம், ஆகையால் அந்தத் தடம் அவசியமில்லையாம். அப்பீல் போட்டோம். அது கிடப்பில் இருக்கும்போதே, ஒரு மழைக்காலத்தில், அப்பா போய்விட்டார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில்தான் கொண்டுபோனோம். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. தூக்கினவர்கள் ஓரத்துச் சேற்றில் இறங்கி வழிவிட்டார்கள். செத்த பிறகும் என் அப்பா ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

பல வருஷம் கழித்துக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அந்த முதல் நீதிபதியைப் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. நானே போய் நான் யாரென்று சொன்னேன். அவருக்கு நினைவிருந்தது. "வழி கிடைச்சுதாம்மா?" என்றார். இல்லை என்றேன், அப்பா போனதையும் சொன்னேன். நான் துணிந்து கேட்டேன்: "அன்னைக்குத் தீர்ப்பு எழுதிக் கொண்டாந்திருந்தீங்கதானுங்க? எங்களுக்குச் சாதகமாவுங்களா?"

"அத நான் சொல்லக் கூடாதும்மா" என்றார்.

இத்தனைக்குப் பிறகும்! எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் திட்ட மனசு வரவில்லை. அவருடைய பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

இப்போது பட்டறை இல்லை. ஏலம் மட்டும் நடக்கிறது. காசு போனிலேயே போய்விடுகிறது, எந்தக் காயை யார் கொண்டுவந்தார்கள் என்று எடுத்தவருக்குத் தெரியாது. கைகுலுக்கலும் கிடையாது. அப்போதே இப்படி இருந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு வருஷமும் நினைத்துக்கொள்கிறேன்.

பண்ணாடியின் பிள்ளைகள் சோளக்காட்டை மனைமனையாகப் போட்டு விற்றுவிட்டார்கள். வேலி போட்ட தடம் இன்று அகலமான தார் ரோடு. யார் வேண்டுமானாலும் போகலாம், கார் போகிறது, நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கிறார்கள். போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பூவை வாங்கிக்கொண்டு நானும் அதில் நடந்தேன். ஒருத்தரும் தடுக்கவில்லை. ரோட்டின் கடைசியில் மனை வாங்கினவர்கள் எழுப்பின உயரமான மதில். கல்லறை கண்ணில் படக் கூடாதாம். அந்தப் பக்கம் அம்மாவும் அப்பாவும். இந்தப் பக்கம் நின்று, "அப்பா, உங்க வழியிலதான் வந்திருக்கறேனுங்க" என்றேன். பிறகு பூவை எடுத்துக்கொண்டு, மெயின் ரோட்டைச் சுற்றிப் போனேன்.