நத்தார் பியரும் நாலு நாள் மௌனமும்

இந்த நாட்டில் பியருக்கும் பருவம் இருக்கிறது என்பதை, வந்து மூன்றாவது குளிர்காலத்தில்தான் அறிந்தேன். மார்கழி பிறந்ததும் பாரிசில், லா சப்பலில் எங்கள் தெருமுனைக் கடைக்காரன் வழக்கமான மஞ்சள் பியர்ப் போத்தல்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பனியும் வெள்ளைத்தாடிக் கிழவனும் படம் போட்ட கறுத்தப் போத்தல்களை முன்னுக்கு அடுக்குகிறான். பியேர் த நோயெல், கிறிஸ்மஸுக்கென்றே காய்ச்சுகிற நத்தார் பியர். தை பிறந்து கொஞ்ச நாளில் ஒன்றும் மிஞ்சாது. பாலன் பிறப்புக்குப் பியர் காய்ச்சுகிற சனமாய் இருக்கிறதே என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு யோசித்தால், பனங்கள்ளுக்கு மட்டும் பருவம் இல்லையா? பாளை தட்டுகிற சத்தம் கேட்டதும் நம் ஆட்களின் நடையே மாறிவிடும். குடிக்கிற விடயத்தில் வெள்ளைக்காரனும் நாமும் ஒரு குலம்தான்.

இந்தப் பியர்களை எனக்கும் என் அறைக்கூட்டாளி தேவனுக்கும் அறிமுகப்படுத்தியவர் மிஸியே லூசியன். நாங்கள் இருவரும் கோப்பை கழுவுகிற உணவகத்தின் சமையல்காரர். பெல்ஜிய எல்லையோரத்து ஆள். மனைவி இறந்தபின் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்குப் பக்கத்தில் தனியே இருக்கிறார். அவருடைய ஊரில், நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடையில் கூட்டாளிகள் கூடி ஐந்தாறு வகை நத்தார் பியரைத் திறந்து, ஒவ்வொன்றாய்ச் சுவை பார்த்து, எது திறம் என்று சண்டை பிடிப்பார்களாம். பாரிசில் அவருக்குச் சண்டை பிடிக்க ஆள் இல்லை. அதனால் போன நத்தாருக்குப் பிறகு வந்த ஞாயிறு மத்தியானம் எங்களை வீட்டுக்கு வரச் சொன்னார். தேவனுக்குத் தலைகால் தெரியாத சந்தோசம். ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுக்குள் அவன் அதுவரை கால் வைத்ததில்லை. ரூ காய் தெருவில் உள்ள எங்கள் அறையில் நாலு நாளாய் ஒரே சேட்டைத் திரும்பத் திரும்ப அயர்ன் பண்ணினான்.

எனக்கு அந்த அழைப்பு ஒரு சாட்டாகிப் போனது. புதன்கிழமை அக்காவின் கடிதம் வந்திருந்தது. தேவனும் நானும் ஒரே ஊர். அவனுடைய தகப்பனை நான் செல்லையா மாமா என்றுதான் கூப்பிடுவேன். மூன்று கிழமைக்கு முந்தி செல்லையா மாமா மோசம் போய்விட்டார் என்று அக்கா எழுதியிருந்தாள். நெஞ்சு நோ. சண்டையால் ரோட்டு மூடிக் கிடந்தது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. ஒரே மகன் இங்கே இருக்க, தூரத்து உறவுக்காரர் ஒருவர் கொள்ளி வைத்தாராம். ‘தேவனிட்டைப் பக்குவமாச் சொல்லு’ என்று முடித்திருந்தாள். பக்குவமாய்ச் சொல்வதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாளைக்கு நத்தார், இன்றைக்கு வேண்டாம் என்று நினைத்தேன். வெள்ளி, சனி வேலை. பிறகு, பாவம், இந்த ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அவன் சந்தோசமாய் இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கு இரக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். கடிதத்தில் வந்த சாவை ஒளித்து வைத்தவன் இந்த நகரத்தில் நான் ஒருவன் மட்டும் இல்லை. இதை வாசிக்கிற சிலருக்கு இப்போது நெஞ்சு உறுத்தும்.

மிஸியே லூசியன் ஐந்து போத்தலை வரிசையாய் வைத்திருந்தார். பக்கத்தில் பாலாடைக்கட்டியும் பாணும். முதல் பியரைச் சின்னக் கிளாசுகளில் ஊற்றினார். எங்கள் ஆட்கள் குடிக்கிற விதம் உங்களுக்குத் தெரியும்: மூச்சை அடக்கி, ஒரே மடக்கு, பிறகு முகத்தைச் சுளித்துக்கொண்டு ஏதாவது கடித்துக்கொள்வது. நான் அப்படியே செய்தேன். மனிசர் பதறிப்போனார். “டூஸ்மான், டூஸ்மான்!” மெதுவாய், முதலில் மணந்து பார், தோடம்பழத் தோல் மணக்கிறதா, கறுவா மணக்கிறதா என்று கேட்டார். தேவன் மணந்து பார்த்துவிட்டு என்னிடம், “மச்சான், இருமலுக்குக் குடிக்கிற பாணி மாதிரிக் கிடக்கு. நல்லாயிருக்கெண்டு சொல்லிவிடு” என்றான். சொன்னேன். மிஸியே லூசியனுக்கு முகம் மலர்ந்தது.

குடிக்குமுன் தேவன் ஒரு காரியம் செய்தான். விரலைப் பியரில் நனைத்து மூன்று துளியை நிலத்தில் சுண்டினான். எங்கள் ஊரில் நாலு பேர் கூடிக் குடித்தால் இது இல்லாமல் நடக்காது. செத்துப்போன கூட்டாளிகள், உறவுக்காரர் பங்கு அது. பெயரும் சொல்லிச் சுண்டுவார்கள். உயிரோடு இருப்பவன் பெயரைத் தவறியும் சொல்லக்கூடாது. தேவன் தன் பெரியப்பாவையும் குண்டுவீச்சில் போன இரண்டு கூட்டாளிகளையும் சொன்னான். நிலத்தில் எதற்குச் சிந்துகிறான் என்று மிஸியே லூசியன் கேட்க, இறந்தவர்களுக்கு என்று விளக்கினேன். அடுத்த போத்தலைத் திறந்ததும் அவரும் விரலை நனைத்து, “மதலேன்” என்று மனைவியின் பெயரைச் சொல்லிச் சுண்டினார். தேவன் அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்தான். பரதேசி ஒருவனுக்கு ஒரு வீடு கிடைத்தது போல அவன் முகம் இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

நாலாவது போத்தல் கறுப்பு, கடுமையான பியர். எனக்கு ஏற்கெனவே தலை கனத்திருந்தது. “உனக்கு யாரும் இல்லையா?” என்று மிஸியே லூசியன் கேட்டார். “ஓம், நீயும் உன்ரை ஆக்களைச் சொல்லு” என்றான் தேவன். விரலை நனைத்தேன். முதல் துளிக்கு என் பெரியதம்பியைச் சொன்னேன். இரண்டாவதுக்குப் பக்கத்து வீட்டுப் பொன்னுத்துரை அண்ணை. நாலு நாளாய்த் தொண்டையில் நின்ற பெயர் மூன்றாவது துளியோடு தானாய் விழுந்தது.

“செல்லையா மாமா.”

தேவன் கிளாசை மேசையில் வைத்தான்.

“எந்தச் செல்லையா மாமா?”

நான் ஈர விரலைக் காற்சட்டையில் துடைத்தேன்.

“என்ரை ஐயாவோ?”

“ஓம்.”

“உனக்கு எப்ப தெரியும்?”

“புதன்கிழமை.”

“நாலு நாளா என்னைச் சிரிக்க விட்டிட்டாய்,” என்றான். அவன் குரலை உயர்த்தவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு எழுந்து, “நான் முழுகவேணும், உவரிட்டைக் கேள்” என்றான். சாவுச் செய்தி காதில் விழுந்தால் உடனே தலைமுழுக வேண்டும். எங்கள் அறையில் கைகழுவும் தொட்டி மட்டும்தான்; நாங்கள் போகிற பொதுக் குளியலறை ஞாயிறு பின்னேரம் பூட்டு. அவன் குளிக்கவேண்டுமாம் என்று மிஸியே லூசியனிடம் கேட்டேன். எங்கள் தமிழ் விளங்காத அவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பியர் ஆளைச் சாய்த்துவிடும் என்று நான் சொன்னேன்தானே என்று சொல்லிக்கொண்டே, தேவனைக் கைத்தாங்கலாய் அழைத்துப்போய், சுடுதண்ணீரைத் திறந்துவிட்டு, தன்னுடைய கம்பளி அங்கியையும் கொடுத்தார். வெறி முறியட்டும் என்று கோப்பிக்குத் தண்ணீரும் வைத்தார். உள்ளே தேவன் சுடுதண்ணீரை மூடிவிட்டுப் பச்சைத்தண்ணீரைத் திறந்தது எனக்குக் கேட்டது. அப்போதுதான், “அவனுடைய அப்பா இறந்துவிட்டார்” என்று சொன்னேன். மிஸியே லூசியன் அடுப்பை அணைத்தார். எப்போது என்று கேட்டார்.

தேவன் அந்த அங்கியோடு வெளியே வந்தான். குள்ளமான அவனுக்கு அது கணுக்கால்வரை தொங்கியது. தலையிலிருந்து தண்ணீர் வடிந்தது. “தெற்கு எந்தப் பக்கமெண்டு உவரிட்டைக் கேள்” என்றான், என் முகத்தைப் பார்க்காமல். மிஸியே லூசியன் யன்னலைக் காட்டினார். தேவன் அங்கே போய் நின்று, அங்கியின் நீண்ட கைகளை மடித்துவிட்டுக் கும்பிட்டான். தெற்கு செத்தவர்களின் திசை. எங்கள் ஊர் அங்கே இல்லை. அது அவனுக்கும் தெரியும். கும்பிட்டு முடித்ததும் கிழக்குப் பக்கம், வீடு இருக்கிற பக்கம், திரும்பினான். அங்கே மிஸியே லூசியனின் சமையலறைச் சுவர் இருந்தது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் அவன் அழுதான்.